தண்டவாளம் முடியும் இடத்திலிருந்து பஸ் படி வரை

போன ஐப்பசியில் அத்தை சென்னையிலிருந்து வந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு ஸ்டேஷன், இரண்டாவது பிளாட்பாரம். கையில் பெட்டி, தோளில் பை, கூடவே பல வருஷத்து மூட்டுவலி. ஊருக்குப் போகிற பஸ் வெளியே நிற்பது பிளாட்பாரத்திலிருந்தே தெரிந்தது. கயிறு கட்டி இழுத்தால் 80 மீட்டர்கூட வராது. படியேறி, மேம்பாலத்தில் நடந்து, படியிறங்கி, ஸ்டேஷன் முகப்பைச் சுற்றி ரோட்டுக்கு வர எங்களுக்கு 14 நிமிடம் ஆயிற்று. பஸ் போய்விட்டது. மழை வேறு.

"ராத்திரி முழுக்க வந்தது ஒண்ணும் தெரியல்ல மக்களே, இந்தப் படிதான் ஆளைக் கொன்னுட்டு" என்றார் அத்தை.

அவர் சொன்னதைப் போக்குவரத்து ஆய்வாளர்கள் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தை 1 என்று வைத்தால், நின்று காத்திருக்கும் ஒரு நிமிடம் மனசுக்கு ஏறத்தாழ 2 ஆகிறது. நடக்கும் நிமிடமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதற்கு மேல், ஒரு வண்டியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதற்கென்றே தனியாகச் சில நிமிடங்களைக் கூட்டுகிறார்கள். காத்திருக்கவே வேண்டாம் என்றாலும் அது கூடும். சாமான் எடுப்பது, வழி தேடுவது, பஸ் கிடைக்குமா என்ற பதற்றம் எல்லாவற்றுக்குமான விலை அது.

முதலில் படியைப் பார்ப்போம். நம் ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். ரயிலின் உயரம், அதற்கு மேல் கம்பி, கம்பிக்கு மேல் பாதுகாப்பு இடைவெளி என்று போனால் நடைமேம்பாலம் 6 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஒரு படி 15 செ.மீ. என்றால் 40 படி ஏற்றம், 40 படி இறக்கம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கெடுதல்; உடல் எடையைப் போல் 3 மடங்குக்கும் கூடுதலான சுமை ஒவ்வொரு படியிலும் மூட்டில் விழுகிறது. படிக்குப் பதிலாகச் சாய்தளம் கட்டலாம் என்றால், சக்கர நாற்காலிக்கு ஏற்ற சரிவு 1-க்கு 12. ஆறு மீட்டர் ஏற 72 மீட்டர் நீளம் வேண்டும். சுரங்கப்பாதை என்றால் மனிதன் நிமிர்ந்து நடக்கிற உயரமும் மேல்தளத்தின் கனமும் போதும், நாலு மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. தண்ணீர் வெளியேற வழி செய்யாமல் தோண்டினால் சுரங்கப்பாதை குளமாகிவிடும்.

லைட் ரயில் எனப்படும் நவீன டிராம் ஓடும் ஊர்களில் இந்தப் படிகள் பெரும்பாலும் இல்லை. அங்கே புறநகர்க் கடைசி நிறுத்தங்களில் ஜனங்கள் தண்டவாளத்தைத் தரைமட்டத்திலேயே கடந்து போகிறார்கள். அது ஆபத்தில்லையா? பிரேக்கில் இருக்கிறது பதில். டிராமின் அடியில், தண்டவாளத்தையே பிடித்துக்கொள்ளும் மின்காந்த பிரேக் உண்டு. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் டிராம் அவசரத்துக்கு ஏறத்தாழ 14 மீட்டரில் நின்றுவிடும். நொடிக்கு அரை மீட்டர் வீதம் வேகம் குறைகிற ரயிலுக்கு அதே வேகத்தில் 70 மீட்டர் வேண்டும். டிராம் ஓட்டுநர் பஸ் ஓட்டுநரைப் போலக் கண்ணால் பார்த்து ஓட்டுகிறார், அதனால் ஆள் குறுக்கே வரலாம் என்று வைத்தே நிறுத்தத்தை வடிவமைக்க முடிகிறது. தாழ்தள டிராமில் உள்தளம் தண்டவாளத்திலிருந்து 30, 35 செ.மீ. உயரம்தான். பிளாட்பாரமும் அதே மட்டம். தள்ளுவண்டிக் குழந்தை அப்படியே உருண்டு ஏறிவிடும்.

கடைசி நிறுத்தத்துக்கு இன்னொரு வரம் உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது! முடிகிற முனையைச் சுற்றி நடந்தால் எந்தப் பாதையையும் கடக்க வேண்டியதே இல்லை. அந்த முனைக்கு நேர் எதிரே பஸ் நின்றால், மேம்பாலமும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம்.

நம்மிடமும் தண்டவாளம் முடிகிற ஸ்டேஷன் இருக்கிறது, கன்னியாகுமரி. 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து பாதை வந்து சேர்ந்தது; அசாமில் உள்ள திப்ருகரிலிருந்து நாட்டையே குறுக்காகக் கடந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸ் இங்கேதான் நிற்கிறது. ஆனால் இங்கே வேறு ஒரு கணக்கு குறுக்கே வருகிறது. ஒரு பெட்டி 24 மீட்டர். 22 பெட்டி சேர்ந்தால் அரை கிலோமீட்டருக்கு மேல். கடைசிப் பெட்டியில் இறங்குகிறவர் நொடிக்கு 1.2 மீட்டர் என்ற சாதாரண நடையில் வந்தாலே முனைக்கு வர 7 நிமிடம். 40 மீட்டர் டிராமில் அதே தூரம் அரை நிமிடம். கடைசி நிறுத்தம் என்று இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், கால்களுக்கு மட்டும் ஒன்றில்லை.

சரி, வெளியே வந்துவிட்டோம். இனி பஸ். 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக 10 நிமிடம் நின்றால் போதும் என்று தோன்றும். பஸ் நேரம் தவறாமல் வந்தால் அது சரி. ஆனால் தாமதமாகும் பஸ் மேலும் தாமதமாகும் குணம் உடையது: நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்திருக்கும், ஏற்ற நேரமாகும், அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருவது காலியாக ஓடி வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். இப்போது இடைவெளி 5 நிமிடம், 35 நிமிடம் என்று மாறி மாறி வருகிறது என்று வையுங்கள். அப்போதும் 40 நிமிடத்தில் இரண்டு பஸ்தான். ஆனால் எட்டுப் பேர் வந்தால் ஏழு பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள். சராசரிக் காத்திருப்பு பதினைந்தரை நிமிடத்துக்கு மேல் போய்விடுகிறது. ஒரு பஸ்கூடக் குறையாமலே ஐந்து நிமிடத்துக்கு மேல் தொலைந்துபோனது.

வண்டி மாறும்போது காத்திருப்பதைக் குறைக்கத்தான் சுவிட்சர்லாந்து 1982-ல் நாடு முழுக்க ஒவ்வொரு மணியும் ஒரே நிமிடத்தில் ரயில் கிளம்பும் அட்டவணையைக் கொண்டுவந்தது. சந்திப்பு ஸ்டேஷனுக்கு வண்டிகள் ஒன்றாக வந்து, மாறிக்கொள்ளச் சில நிமிடம் நின்று, ஒன்றாகப் பிரிகின்றன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊருக்கு வெளியிலிருந்து ரயிலில் வருகிறவர்கள், கடைவீதியிலிருந்து தள்ளியிருந்த பெரிய ஸ்டேஷனில் இறங்கி டிராமுக்கு மாற வேண்டியிருந்தது. 1992-ல் டிராமையே ரயில் பாதையில் ஓடவிட்டார்கள். மாறுவதே இல்லாமல் போனது. பயணிகள் பல மடங்கு கூடினார்கள்.

அவ்வளவு பெரிய வேலை நமக்கு இப்போதைக்கு வேண்டாம். ரயில் உள்ளே நுழைகிறது என்று தெரிந்தால் ஒரு பஸ் 3 நிமிடம் நிற்கட்டும். பஸ்ஸில் 30 பேர் இருந்தால் அவர்களுக்குப் போவது மொத்தம் 90 நிமிடம். ரயிலிலிருந்து ஓடி வருகிற 12 பேருக்கு ஆளுக்கு 20 நிமிடம் மிச்சம் என்றால் அது 240.

பொங்கலுக்கு அத்தை மறுபடி வருவதாகச் சொன்னபோது அந்த ஸ்டேஷனில் மேம்பாலப் படி எந்தப் பெட்டிக்கு எதிரே வருகிறது என்று போய்ப் பார்த்து வைத்தேன். "ஆரல்வாய்மொழி தாண்டினதும் வண்டிக்குள்ளயே ஆறு பெட்டி முன்னால வந்துருங்க அத்தை" என்று போனில் சொன்னேன். இறங்கியதும் அவர் கையிலிருந்த பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அந்தத் தடவை 9 நிமிடம். படி அதே 80தான். ரோட்டுக்கு வந்ததும் அத்தை பெட்டியின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். நான் கைகாட்டி பஸ்ஸை நிறுத்தினேன்.