சாட்டர்னேலியா ஏன் இரண்டு நாள் தடுமாறியது?

ரோமாபுரியின் பழைய சமயத்தை இன்று மீண்டும் கைக்கொள்பவர்கள் பண்டிகை நாளை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1998இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நோவா ரோமா போன்ற அமைப்புகள், சாட்டர்ன் தெய்வத்துக்குரிய சாட்டர்னேலியாவை டிசம்பர் 17இல் தொடங்குகின்றன. விடை இவ்வளவுதான் என்றாலும், அந்த 17ஐச் சுற்றி ரோமானியர்களே ஒரு காலத்தில் குழம்பியிருக்கிறார்கள்.

ஜூலியஸ் சீசருக்கு முன் ரோமானிய ஆண்டுக்கு 355 நாட்கள். இரட்டைப்படை எண்கள் ஆகாதவை என்று அவர்கள் நம்பியதால், மாதங்களுக்கு 29 அல்லது 31 நாட்களையே வைத்தார்கள். ஆனால் பன்னிரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும். ஆண்டின் மொத்தமும் ஒற்றைப்படையாக அமைய வேண்டுமானால் ஏதேனும் ஒரு மாதம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். இறந்தோருக்கான சடங்குகள் நடக்கும் பிப்ரவரியின் தலையில் அந்த 28 விழுந்தது. எனக்கு ராசியான எண், ராசியில்லாத எண் என்பதில் சிறிதும் நம்பிக்கை இல்லை; ஆனால் அந்த நம்பிக்கையின் தழும்பு இன்றும் என் வீட்டுச் சுவரில் நாள்காட்டியாகத் தொங்குகிறது.

பருவங்களோடு ஒத்துப்போவதற்காக, பொன்டிஃபெக்ஸ் எனப்பட்ட குருமார் அவ்வப்போது பிப்ரவரியின் கடைசி நாட்களை வெட்டிவிட்டு, அங்கே 27 நாள் கொண்ட ஓர் இடைமாதத்தைச் செருகினார்கள். இத்தாலியின் அன்சியோவில் கிடைத்த, சுண்ணப் பூச்சின் மீது கறுப்பிலும் சிவப்பிலும் எழுதப்பட்ட நாள்காட்டியில், பன்னிரண்டு மாதங்களை அடுத்து இந்த இடைமாதத்துக்கும் ஒரு பத்தி இருக்கிறது. செருகுவதும் தவிர்ப்பதும் அரசியலான பிறகு ஆண்டு பருவத்தை விட்டு விலகிப்போக, சீசர் கி.மு. 46ஐ 445 நாட்களுக்கு நீட்டிச் சரிசெய்து, மறு ஆண்டிலிருந்து 365 நாள் ஆண்டைக் கொண்டுவந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ரோமானியர்கள் நாட்களை ஒன்று, இரண்டு என்று முன்னோக்கி எண்ணவில்லை. வரப்போகும் ஒரு குறிநாளிலிருந்து பின்னோக்கி, இரு முனைகளையும் சேர்த்து எண்ணினார்கள். டிசம்பருக்கு 29 நாட்கள் இருந்தபோது 17ஆம் நாளிலிருந்து மாத இறுதிவரை பதின்மூன்று நாட்கள், ஜனவரி முதல் நாளையும் சேர்த்தால் பதினான்கு. ஆகவே சாட்டர்னேலியா "ஜனவரி முதல் நாளுக்கு முன் பதினான்காம் நாள்" எனப்பட்டது. சீசர் பண்டிகைகளைக் கலைக்கக் கூடாது என்று கவனமாக மாதக் கடைசியில்தான் இரண்டு நாட்களைச் சேர்த்தார். ஆனால் எண்ணிக்கையே கடைசியிலிருந்து தொடங்குவதால், அதே 17ஆம் நாள் பதினாறாம் நாளாகிவிட்டது. பழைய பெயரோ 19ஆம் நாளுக்குப் போய்ச் சேர்ந்தது. நாளைப் பிடித்துக்கொண்டவர்கள் 17இலும், பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் 19இலும் கொண்டாட, மூன்று நாளும் விடுமுறை என்று சீசருக்குப் பின் ரோமை ஆண்ட பேரரசர் அகஸ்டஸ் அறிவித்தார்.

இரு முனைகளையும் சேர்த்தெண்ணும் இந்தப் பழக்கமே லீப் ஆண்டையும் கெடுத்தது. "நான்காம் ஆண்டுதோறும் ஒரு நாள் கூட்டுக" என்ற சீசரின் விதியைக் குருமார் தங்கள் வழக்கப்படி எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கூட்டிவந்தார்கள். 36 ஆண்டுகளில் ஒன்பது நாட்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு நாட்கள் சேர்ந்துவிட்டன. மிகுந்துபோன மூன்று நாட்களைக் கழிப்பதற்காக, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு லீப் நாளே வேண்டாம் என்று அகஸ்டஸ் ஆணையிட வேண்டியதாயிற்று.