பேக்கப் வைக்க எந்த விபிஎஸ்? விலையைப் பார்ப்பதற்கு முன் சில விஷயங்கள்

சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "பேக்கப் வைக்க வெளியே ஒரு விபிஎஸ் வேணும், கேவிஎம் எடுக்கவா, ஓப்பன்விஇசட் எடுக்கவா? ஓப்பன்விஇசட் ரொம்ப மலிவாக் கிடைக்குதே." விபிஎஸ் என்பது ஒரு பெரிய சர்வரைப் பங்குபோட்டு வாடகைக்குத் தரும் மெய்நிகர் சர்வர், கேவிஎம், ஓப்பன்விஇசட் இரண்டும் அப்படிப் பங்குபோடும் முறைகள். கேவிஎம் எடுங்கள். ஆனால் அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓப்பன்விஇசட், எல்எக்ஸ்சி இரண்டுமே கன்டெய்னர்கள். ஒண்டுக்குடித்தனம் மாதிரி, எல்லோருக்கும் ஒரே கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி). கேவிஎம்மில் ஒவ்வொருவருக்கும் தனிக் கெர்னல். பழைய ஓப்பன்விஇசட் 6 என்றால், உள்ளே நீங்கள் எவ்வளவு புதிய லினக்ஸைப் போட்டாலும் ஓடுவது 2.6.32 கெர்னல்தான். கெர்னல் உங்கள் கையில் இல்லாததால் டிஸ்க்கை லக்ஸ் என்ற குறியாக்க வசதி வைத்துப் பூட்ட முடியாது, பேக்கப்பை ஃபோல்டர் போலத் திறந்து பார்க்க உதவும் ஃபியூஸ் வேண்டுமென்றால் சேவை தருபவரிடம் டிக்கெட் போட்டுக் கேட்க வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம், தாய் சர்வரின் (எல்லா விபிஎஸ்களும் ஓடும் நிஜ சர்வர்) அட்மினுக்கு உங்கள் ஃபைல்கள் வழக்கமான ஒரு ஃபோல்டராகவே தெரியும், திறந்து படிக்க அவர் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரியாது. ஓர் அலுவலகத்தின் மெயில் சர்வரை ஆர்சிங்க் என்ற ஃபைல் நகலெடுக்கும் கருவியை வைத்து இப்படி ஒரு கன்டெய்னருக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று பிழை வந்து பேக்கப் நின்றுவிட்டது. இடத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி! விஷயம் என்னவென்றால் மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி ஃபைல், அந்த கன்டெய்னருக்கோ இத்தனை ஐநோடுதான் (ஒரு ஃபைலுக்கு ஒன்று செலவாகும்) என்று சேவை தருபவர் ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார். ஜிபி கணக்கில் இடம் இருந்தது, ஃபைல் எண்ணிக்கைக் கணக்கில் தீர்ந்துவிட்டது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையோடு -i சேர்த்து அடித்துப் பார்த்தபோதுதான் 100% என்று காட்டியது. கேவிஎம் என்றால் ஃபைல் சிஸ்டத்தை நீங்களே உருவாக்குகிறீர்கள், இந்த வரம்பும் உங்கள் கையில் இருக்கும்.

சரி, கேவிஎம் எடுத்து லக்ஸ் போட்டுவிட்டோம், போதுமா? போதாது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தச் சாவி அதன் ராமில்தான் இருக்கிறது, தாய் சர்வரைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால் அந்த ராமையே நகல் எடுக்கலாம். அதனால் டேட்டா உங்கள் இயந்திரத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. போர்க், ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இரண்டும் இதைச் செய்யும், மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும், ஒரே துண்டை இரண்டு முறை சேமிக்காது. ஆர்சிங்க் வைத்து அப்படியே கொட்டுவதை இன்றே நிறுத்திவிட்டு இவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை, கடவுச்சொல் தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது, யாராலும் மீட்டுத்தர முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி, சர்வர் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே பத்திரமாக வைக்கச் சொல்வேன். போர்க்கில் சாவியைத் தனியாக ஏற்றுமதி செய்யும் வசதியும் உண்டு, அதையும் செய்துவிடுங்கள்.

அடுத்தது, யாரால் அழிக்க முடியும் என்ற கேள்வி. சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி இது. உங்கள் முதன்மை சர்வருக்குள் புகுந்தவன் முதலில் தேடுவது பேக்கப் சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியைத்தான். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகை ஒருவன் கையில் சிக்கியது. சர்வர்கள், டேட்டா, பேக்கப் என்று பெரும்பகுதியை அழித்துவிட்டான், நிறுவனம் இழுத்து மூட வேண்டியதாயிற்று. எனவே பேக்கப் சர்வரில் அந்தச் சாவிக்கு ஷெல் (விரும்பிய கட்டளையை அடிக்கும் வசதி) கொடுக்காதீர்கள். அனுமதிக்கப்பட்ட சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் அந்தச் சாவியின் வரிக்கு முன்னால் கட்டாயக் கட்டளையாக போர்க் சர்வ் என்பதைப் போட்டு, அப்பெண்ட் ஒன்லி என்று சேர்த்து, ஒரே ஒரு ஃபோல்டருக்குள் அடைத்துவிடலாம். அப்புறம் அந்தச் சாவியை வைத்துச் சேர்க்க மட்டும்தான் முடியும். ரெஸ்டிக்கில், அதற்கான சர்வர் மென்பொருளான ரெஸ்ட் சர்வருக்கு இதே வசதி உண்டு.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போர்க்கில் அப்பெண்ட் ஒன்லி இருக்கும்போதும் புகுந்தவன் 'அழி' என்று சொல்ல முடியும், அது குறித்து வைக்கப்படும், டேட்டா அங்கேயே இருக்கும். நீங்கள் பிறகு முழு உரிமையோடு வந்து பழையதைக் கழித்து இடத்தைச் சுருக்கும்போது அந்த அழிப்பு நிஜமாகிவிடும். எனவே கழிப்பதற்கு முன் பட்டியலைப் பார்த்து, நேற்றுவரை இருந்த ஆர்க்கைவ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள், இதைக் கண்ணை மூடிக்கொண்டு தானாக ஓடும்படி கிரானில் போடாதீர்கள்.

இடம் பற்றிச் சொல்ல இரண்டு தீ விபத்துகள் போதும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜனில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது அரசு ஊழியர்களின் ஜி டிரைவ் என்ற கிளவுட் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் போனது, வெளியே நகல் இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை. உங்கள் விபிஎஸ் பலகையில் கொஞ்சம் கூடுதல் கட்டணத்துக்குக் கிடைக்கும் ஸ்னாப்ஷாட் (சர்வரின் அப்போதைய நிலையை அப்படியே நகலெடுப்பது) வசதி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டும் பேக்கப் ஆகாது, அது ஒரு டிஸ்க் போனால் சமாளிக்க மட்டும்.

ஊர் வேறாக இருந்தால் மட்டும் போதாது, நிறுவனமும் கணக்கும் வேறாக இருக்கட்டும். பணம் கட்டும் கார்டும் வேறாக இருந்தால் இன்னும் நல்லது, கார்டு காலாவதியாகி இரண்டு கணக்கும் ஒரே வாரத்தில் முடங்கியதைப் பார்த்திருக்கிறேன். பேக்கப் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் முகவரி அந்த முதன்மை சர்வரில் ஓடும் முகவரியாக இருக்கவே கூடாது. சர்வர் விழுந்த அன்றைக்கு, கடவுச்சொல்லை மாற்றும் லிங்க் அந்த விழுந்த மெயிலுக்குத்தான் போகும்!

டிஸ்க் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். அதிவேக என்விஎம்இ டிஸ்க் தேவையில்லை, ஸ்டோரேஜ் விபிஎஸ் என்று விற்கும் ஹார்ட் டிஸ்க் வகையே போதும், சின்ன அலுவலகத்துக்கு 1 அல்லது 2 ஜிபி ராமில் ஓடிவிடும். சர்வர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் எஸ்டி (st, உங்களுக்குக் கிடைக்காமல் போன சிபியு நேரத்தின் சதவீதம்) என்ற எண்ணை மட்டும் சில நாள் கவனியுங்கள், அது எப்போதும் உயரத்திலேயே இருந்தால் ஒரே சர்வரில் அளவுக்கு மீறி ஆட்களை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் பேக்கப் ஏறிவிடும், முழுதாகச் சரிபார்க்கும் வேலைதான் நாள்கணக்கில் இழுக்கும்.

திரும்ப எடுக்கும் நேரத்தைக் கணக்குப் போடாமல் மட்டும் வாங்காதீர்கள். 100 எம்பிபிஎஸ் லைனில் 1 டெராபைட் இறங்க எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், 50 எம்பிபிஎஸ் என்றால் 44 மணி நேரம். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் டாலி டேட்டா சில ஜிபிதான், அவர்களுக்கு இது பொருட்டே இல்லை. கல்யாண போட்டோ ஸ்டுடியோ ஒன்றுக்கு 4 டெராபைட் இருந்தால், 100 எம்பிபிஎஸ்ஸிலேயே கிட்டத்தட்ட நாலு நாள் கடையை மூடிவைக்க முடியுமா? அவர்கள் உள்ளூரிலேயே வேறிடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் நகலும் வைத்துக்கொண்டு, விபிஎஸ்ஸை இரண்டாவது அரணாக வைப்பதுதான் சரி. மாத டிராஃபிக் வரம்பையும் பாருங்கள், இறக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம் வாங்கும் கிளவுட் சேவைகள் உண்டு.

ஆண்டுக் கட்டணத் தள்ளுபடியைப் பார்த்து உடனே பணம் கட்டிவிடாமல் முதலில் ஒரு மாதத்துக்கு எடுங்கள். 100 ஜிபி ஏற்றி, அதை வேறொரு புது இயந்திரத்தில், காகிதத்தில் எழுதி வைத்த கடவுச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்ப இறக்கிப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் என்று விற்றிருந்தால் இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டி முடிய வேண்டும். வேலை நாளில் மாலை நேரத்தில் ஒரு தடவை, நள்ளிரவில் ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டும் திருப்தியாக இருந்தால் ஆண்டுக் கட்டணத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.