தரைக்கடியில் ஒரு தோசைக்கல்

புதுச்சேரியில் ஏசி ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தரையைச் சூடாக்குகிற வேலை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. போன டிசம்பரில் வந்தது, அதுவும் வாட்ஸ்அப் வீடியோவில். என் சித்தி குடும்பம் பாரிசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் இருக்கிறது. முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கம் இதெல்லாம் சகஜம், எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு மாமாவோ ஒரு பெரியம்மாவோ அங்கே இருப்பார்கள். சித்தி வீட்டுக் குளியலறையில் டைல்ஸுக்கு அடியில் கரண்டில் சூடாகிற வயர் ஓடுகிறது. அதைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட் செத்துப்போய்விட்டது. நேரம் வைத்து ஓட்டுகிற புது மாடல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, "அண்ணே, நீதான் பக்கத்துல இருந்து சொல்லணும்" என்று தம்பி போன் செய்தான். பக்கத்தில் என்றால் எட்டாயிரம் கிலோமீட்டர்.

விஷயம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வாட்டர் ஹீட்டர் ராடைப் பாய் மாதிரி விரித்துத் தரைக்குள் புதைத்தால் எப்படியோ அப்படி. வலைமேல் வளைத்து வளைத்து ஒட்டிய வயர், அதன்மேல் டைல் பசை, அதற்கு மேல் டைல்ஸ். வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 வாட் அளவில் போடுவார்கள். சித்தி வீட்டில் நாலு சதுர மீட்டர், ஆக 600 வாட். நம் வீட்டு மிக்சியைவிடக் கொஞ்சம்தான் கனம். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். அந்த 230ஐ 230ஆல் பெருக்கி 600ஆல் வகுத்தால் 88 வரும், வயரின் தடை அத்தனை ஓம் இருக்க வேண்டும். தம்பியை மெயினை அணைக்கச் சொல்லி, வயரின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டர் வைக்கச் சொன்னேன். 87 ஓம் காட்டியது. இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. முடிவே இல்லாமல் காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, டைல்ஸை உடைக்க வேண்டும், தெர்மோஸ்டாட்டை மாற்றி ஒரு புண்ணியமும் இல்லை. புதிதாகப் போடுகிறவர்கள் இந்த அளவை மூன்று தடவை எடுப்பார்கள்: விரிப்பதற்கு முன்னால், விரித்த பிறகு, டைல்ஸ் ஒட்டிய பிறகு. கொத்தனாரின் கரண்டி நுனி வயரைக் கீறியிருந்தால் எந்தக் கட்டத்தில் கீறியது என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்து வயர் நிறம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. நம் ஊரில் கறுப்பு என்றால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். மூன்று பேஸ் வீட்டில் நீலம் என்றால் அது ஒரு பேஸ், அதாவது கரண்ட் வருகிற வயர். பிரான்சில் நீலம்தான் நியூட்ரல், கறுப்பில் பேஸ் வரலாம், அல்லது அது அவர்கள் 'பில் பிலோத்' என்று சொல்லும் கட்டளை வயராக இருக்கலாம். இந்தக் கட்டளை வயர் வேடிக்கையான ஏற்பாடு. வீட்டில் உள்ள ஹீட்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து 'முழுச் சூடு', 'சிக்கனம்', 'உறையாமல் இருந்தால் போதும்', 'நில்' என்று உத்தரவு போட அந்த ஒரு வயர் போதும். கரண்டின் அலை அதில் முழுசாக வந்தால் ஒரு அர்த்தம், பாதி அலை மட்டும் வந்தால் வேறு அர்த்தம், ஒன்றுமே வராவிட்டால் முழுச் சூடு. கேட்க அழகு, ஆனால் அதிலும் 230 வோல்ட் வரும். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு பழக்கதோஷத்தில் "கறுப்பை நியூட்ரல்ல போடு" என்று சொல்லியிருந்தால் அங்கே என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. நிறத்தை நம்பாதே, மெயினைப் போட்டு மீட்டரால் அளந்து எது எது என்று ஸ்டிக்கர் ஒட்டு, அப்புறம் மறுபடி அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு கையை வை என்று சொன்னேன். கையை வைக்கத் துணிச்சல் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஈரக் குளியலறையும் 230 வோல்ட்டும் விளையாடுகிற இடம் இல்லை. அதற்காகத்தான் அங்கே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற டிரிப்பர் கட்டாயம். தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர் தெறிக்கிற எல்லைக்கு வெளியேதான் வைக்க வேண்டும். சித்தி வீட்டில் அது குளியலறைக் கதவுக்கு வெளியே, நடையில் இருக்கிறது.

மாட்டுவது அஞ்சு நிமிட வேலை. உள்ளே வரும் பேஸ், நியூட்ரலுக்கு இரண்டு ஸ்க்ரூ, தரை வயருக்குப் போகும் இரண்டு ஸ்க்ரூ, தரையின் சூட்டை அளக்கும் சென்சாருக்கு இரண்டு. தரை வயரைச் சுற்றியுள்ள பின்னல் எர்த்துக்கு. சென்சாருக்கு மட்டும் எந்த வயர் எதில் என்ற கவலை இல்லை, எப்படிப் போட்டாலும் ஒன்றுதான்.

அந்தச் சென்சாரை வீடியோவில் பார்த்ததும் எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஸ்பிளிட் ஏசியைத் திறந்தால் உள்ளே குளிர்கிற சுருள் குழாயில் ஒரு சின்னச் சென்சார் செருகியிருக்குமே, அதன் பங்காளிதான் இது. சூடு ஏற ஏற இதன் தடை இறங்கும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் என்ற ரகம்தான் அதிகம் புழங்குகிறது. அது 20 டிகிரியில் சுமார் 12.5, பத்து டிகிரியில் 20 கிலோ ஓம் காட்டும். என்னிடம் இருந்த அந்த ரகச் சென்சார் ஒன்றை எங்கள் ஹால் தரையில் ஒட்டிப் பார்த்தேன், 7.7 காட்டியது. அதாவது 31 டிகிரி. இதைச் சொன்னதும் சித்தி பெருமூச்சு விட்டார்கள். இதில் ஒரு கூத்து என்னவென்றால், பிரான்சில் 1978ல் போட்ட ஆணைப்படி சூடாக்கும் தரையின் மேற்பரப்பு 28 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. எங்கள் ஹால் அங்கே இருந்திருந்தால் சட்ட விரோதம்.

தெர்மோஸ்டாட் உண்மையில் தரையின் சூட்டைப் பார்ப்பதே இல்லை, ஓமைத்தான் பார்க்கிறது. ஓமை வைத்துச் சூடு எவ்வளவு என்று மனக்கணக்குப் போடுகிறது. ஆகவே சென்சார் ரகமும் தெர்மோஸ்டாட்டின் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். பழைய சென்சார் 25 டிகிரியில் 15 கிலோ ஓம் ரகமாக இருந்து, புது தெர்மோஸ்டாட் அதை 10 ரகம் என்று நினைத்துக்கொண்டால், 25 டிகிரித் தரையை 16 என்று படிக்கும். நீங்கள் 27 கேட்டால் அது பாவம் கரண்டை விட்டுக்கொண்டே இருந்து, தரை 36ஐத் தாண்டிய பிறகுதான் "இப்போது 27 ஆகிவிட்டது" என்று நிறுத்தும். நல்ல தெர்மோஸ்டாட்களில் சென்சார் ரகத்தை மெனுவில் மாற்றலாம். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் மீட்டரில் ஒரு தடவை அளந்தால் சந்தேகம் தீர்ந்தது. சித்தி வீட்டில் 10 ரகம்தான், பிரச்சினை இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஏசியும் இந்தத் தரையும் சுபாவத்தில் நேரெதிர். ஏசி காற்றைக் குளிர்விக்கிறது, காற்று லேசு, பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். தரை கனம். கனமான தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால் உடனே தோசை வராது, அதேபோல் கேஸை அணைத்த பிறகும் ரெண்டு தோசை வரும். சித்தி வீட்டுத் தரையில் டைல்ஸும் பசையும் சேர்த்து ஒன்றரை சென்டிமீட்டர், கீழே வெப்பம் இறங்காமல் தடுக்கும் பலகை. நாலு சதுர மீட்டருக்கு அது கிட்டத்தட்ட 120 கிலோ. ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 0.9 கிலோஜூல் வேண்டும், பத்து டிகிரி ஏற்ற மொத்தம் 1080 கிலோஜூல். 600 வாட் வயர் விநாடிக்கு 0.6 கிலோஜூல்தான் தரும். வகுத்தால் 1800 விநாடி, அரை மணி நேரம். அதுவும் ஒரு சொட்டு வெப்பம்கூட வீணாகாமல் இருந்தால். இதே வயரை அஞ்சு சென்டிமீட்டர் சிமெண்ட் தளத்துக்குள் புதைத்திருந்தால் எடை 440 கிலோ, ஆகும் நேரம் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கமாகப் போய்விடும்.

இதனால்தான் தெர்மோஸ்டாட்டுக்கு 'புரோகிராம்' தேவைப்படுகிறது. ஆறு மணிக்குக் குளிக்கப் போகிற சித்தி ஆறு மணிக்குச் சுவிட்சைத் தட்டினால், குளித்துத் துவட்டித் தலை வாரிய பிறகுதான் தரை சூடாகும். யார் எப்போது வருவார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே அடுப்பை மூட்டி வைக்கிற வேலையைத்தான் இந்தப் பெட்டி செய்கிறது. இதன் மூதாதை இவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர், காவலாளி அடிக்கடி வகுப்புக்குள் நுழைந்து சூடு பார்த்துவிட்டுப் போவது பொறுக்காமல், அறை குளிர்ந்தால் கீழே உலையறையில் மணியடிக்கிற மாதிரி ஒன்றைச் செய்தார், 1883ல் காப்புரிமையும் வாங்கினார். மணி அடித்தது, அவ்வளவுதான், நாளைக்கு என்ன என்று அதற்குத் தெரியாது.

இன்றைய பெட்டிக்குத் தெரியும். வார நாட்களில் காலை ஆறு முதல் எட்டு வரை 27, மாலை ஏழு முதல் ஒன்பது வரை 27, மற்ற நேரம் 18, சனி ஞாயிறு எட்டு மணிக்குத்தான் ஆரம்பம் என்று போட்டோம். கூடவே ஒரு வசதி, தானாகக் கற்றுக்கொள்வது. அதை ஆன் செய்தால், நீங்கள் ஆறு மணி என்று வைப்பது 'ஆரம்பிக்க வேண்டிய நேரம்' இல்லை, 'தயாராக இருக்க வேண்டிய நேரம்'. முதல் சில நாட்கள் தரை எத்தனை நிமிடத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று கவனித்து, அப்புறம் அதுவே ஐந்து இருபதுக்கோ ஐந்து பத்துக்கோ ஆரம்பிக்கும். பலர் இது தெரியாமல் தாங்களே ஒரு மணி நேரம் முன்னால் வைத்துவிடுகிறார்கள், பெட்டி அதற்கும் முன்னால் ஆரம்பித்துவிடுகிறது, பில் வந்ததும் பெட்டியைத் திட்டுகிறார்கள். கனமான சிமெண்ட் தளம் என்றால் நடுவில் 18 வரைக்கும் இறக்கிவிடுவதும் வீண், ரெண்டு மூன்று டிகிரி இறக்கினால் போதும். இன்னொன்று, குளியலறைக்குத் தரைச் சென்சாரை மட்டும் பார்க்கிற முறையில் வைக்க வேண்டும். காற்றைப் பார்க்கிற முறை, தரையே முழு அறையையும் சூடாக்க வேண்டிய ஹால்களுக்கு. அப்போதும் தரை அளவு மீறிச் சூடாகாமல் தரைச் சென்சார் வேலியாக நிற்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று மறுநாள் நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போன். "அண்ணே, 27 காட்டுது. ஆனா காலு வெறைக்குது." டைல்ஸ் 25 டிகிரியிலும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும், பாதத்தின் சூட்டை அது வேகமாக உறிஞ்சும், பழகிக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே யோசித்தால் மனசு கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டு, ஆன் செய்தபோது எவ்வளவு இருந்தது, எத்தனை நிமிடத்தில் 27 வந்தது என்று கேட்டேன். 17ல் ஆரம்பித்துப் பத்தே நிமிடம் என்றான்.

கணக்கு உதைத்தது. அரை மணிக்குக் குறைந்து அந்தத் தரையால் பத்து டிகிரி ஏறவே முடியாது, ஏறினால் 600 வாட்டுக்கு மேல் எங்கிருந்தோ வர வேண்டும். அப்படியென்றால் சூடானது தரை இல்லை, சென்சார் மட்டும்தான். சென்சாருக்கென்று தரைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் போயிருக்கும், அதன் நுனி இரண்டு வயர் வரிசைக்கு நட்ட நடுவில் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் போட்ட ஆள் குழாயைக் கொஞ்சம் நீட்டி வைத்து, நுனியை வயரின் வளைவுமேலேயே உட்காரவைத்துவிட்டார் போலிருக்கிறது. தோசைக்கல் சூடா என்று பார்க்கத் தண்ணீரைக் கல்லில் தெளிக்காமல் அடுப்புத் தீயில் தெளித்த கதை. நல்லவேளை, குழாய் முனையை அடைத்திருந்தார், பசை உள்ளே போகவில்லை, சென்சார் இறுகிப் போகாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

மெயினை அணைத்து, பெட்டியைக் கழற்றி, சென்சார் வயரை விரல் விரலாக வெளியே இழுக்கச் சொன்னேன். எவ்வளவு இழுத்தான் என்று தெரிய வயரில் பேனாவால் கோடு. நாலு விரல் இழுத்து, பெட்டியை மாட்டி, மெயினைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். பதினைந்து நிமிடத்தில் 27. இன்னும் ரெண்டு விரல். மறுபடி தரை ஆறும்வரை காத்திருந்து ஓட்டினோம். எண் நிதானமாக ஏற ஆரம்பித்தது, 18, கொஞ்ச நேரம் கழித்து 19, நான் இங்கே ரெண்டு ஏசி சர்வீஸ் முடித்துவிட்டு வந்து பார்த்தால் 27 ஆக நாற்பது நிமிடம் எடுத்திருக்கிறது. தம்பி சாக்ஸைக் கழற்றிவிட்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் ஓம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரி, பிப்ரவரி நிம்மதியாகப் போனது. தினமும் குளிக்கப் போகும் முன் சித்தி எனக்கு ஒரு போன் போடுவார்கள், அங்கே ஆறு என்றால் இங்கே பத்தரை. மார்ச் கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஒன்பதரைக்கே போன் அடித்தது. "தரை மறுபடி ஐஸ் மாதிரி இருக்குடா." முந்தின நாள் ஞாயிறு, அங்கே கோடைக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. சித்தி எழுந்துவிட்டார்கள், போனும் மாறிவிட்டது, சுவரில் இருக்கும் பெட்டி மட்டும் இன்னும் அஞ்சு மணி என்று நினைத்துக்கொண்டு அடுப்பை மூட்டாமல் நிதானமாக இருந்தது. கோடை நேரம் தானாக மாறும் வசதியை மெனுவில் ஆன் செய்ய நான் மறந்திருக்கிறேன்.