நூற்றைம்பது கட்டுரை எழுதியவரின் பவுடர்

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். லுங்கி நெசவுக்காரர். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 3-ஐத் தாண்டிவிட்டது. கையில் பளபளவென்று ஒரு நோட்டீஸ். சொந்தக்காரர் ஒருவர் விற்கும் புரோட்டீன் பவுடருடையது. அடியில் கொட்டை எழுத்தில், இதை உருவாக்கியவர் 150 ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டவர் என்று போட்டிருந்தது.

"இவ்ளோ எழுதினவர் தப்பா சொல்வாரா சார்?"

சரி, பார்த்துவிடலாம் என்று கடையில் கூட்டமில்லாத மதிய வேளையில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட், கூகுள் ஸ்காலர் தளங்களில் தேடினேன். இரண்டுமே இலவசம், யாரும் பார்க்கலாம். முதல் சிக்கல் பெயர். நம் ஊர் இனிஷியல் பெயர்கள் அங்கே படுகிற பாடு இருக்கிறதே! எஸ். குமார் என்று தட்டினால் கண் டாக்டர் குமார், மாட்டுநோய் ஆராயும் குமார், இன்னும் எத்தனையோ குமார்கள் வரிசையில் நிற்பார்கள். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2012-லிருந்து ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணை ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். நோட்டீஸில் அது இல்லை.

அவருடைய கல்லூரிப் பெயரை வைத்துச் சலித்ததில் நாற்பது சொச்சம் தேறின. மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரைகிறது, எலிக்கு மூலிகைச் சாறு கொடுத்தால் என்ன ஆகிறது, பிறகு மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து எழுதியவை. மோசமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பவுடரைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றுகூட இல்லை. இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சிடிஆர்ஐ தளம் 2007-லிருந்து இருக்கிறது. அதிலும் தேடினேன், இல்லை.

எண்ணிக்கை எப்படி ஏறும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். எம்.ஃபார்ம் படித்தபோது நானும் ஒரு கட்டுரை போட்டேன். அனுப்பிய நான்காம் நாள் ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது, கூடவே பணம் கட்டச் சொல்லி இன்னொரு மெயில். யாராவது படித்துப் பார்த்தார்களா என்று இன்றுவரை சந்தேகம்தான்.

அப்படியானால் பெரிய பத்திரிகையில் வந்தால் போதுமா? ஊட்டச்சத்துத் துறையில் ரஞ்சித் குமார் சந்திராவின் கதை இருக்கிறது. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். சத்துக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து உலகப் பெயர் வாங்கினார், ஆர்டர் ஆஃப் கனடா விருதும் பெற்றார். 1992-ல் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில், 96 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில் விட்டமின், தாதுச்சத்துக் கலவையால் நோய்த்தொற்று குறைந்தது என்று எழுதினார். 2001-ல் நியூட்ரிஷன் இதழில், இப்படிப்பட்ட கலவை முதியவர்களின் நினைவாற்றலையும் கூட்டுகிறது என்றார். கலவையின் காப்புரிமை அவருடையது, விற்ற கம்பெனி மகளுடையது. கணக்குகள் நம்பும்படி இல்லையே என்று மற்ற விஞ்ஞானிகள் நோண்ட ஆரம்பித்தார்கள். நியூட்ரிஷன் இதழ் 2005-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. லான்செட் திரும்பப் பெற 2016 ஆகிவிட்டது. இருபத்து நான்கு வருஷம்! அந்த இடைவெளியில் யாராவது அவருடைய பட்டியலை எண்ணியிருந்தால் இதுவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். இப்போது அப்படித் திரும்பப் பெற்றவற்றைத் திறந்தாலே பப்மெட் மேலேயே எச்சரிக்கை காட்டுகிறது. அதனால் எண்ணுவதற்கு முன்னால் திறந்து பாருங்கள்: யாரிடம் செய்த ஆய்வு, பணம் கொடுத்தது யார், விற்றால் லாபம் யாருக்கு.

நெசவுக்காரரிடம் டப்பாவும் இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண்ணைக் காட்டி, "கவர்மென்ட் நம்பர் இருக்கே" என்றார். அது உணவுப் பொருள் தயாரிக்க, விற்கக் கொடுக்கும் உரிமம். நோயைக் குணமாக்கும் என்பதற்கு அதில் எந்த உறுதியும் கிடையாது. டப்பாவைத் திருப்பினால் மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவர் அம்மா இன்னும் டயாலிசிஸுக்குப் போகவில்லை. அந்த நிலையில் பொதுவாகப் புரதத்தை அளவாகக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியபின் கூட்டச் சொல்வார்கள். ஒரே பவுடர், டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு உதவலாம், இவர் அம்மாவுக்குச் சுமையாகலாம். பெரியாஸ்பத்திரி டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பதாகச் சொன்னார்.

நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப கேழ்வரகுக் கூழாவது குடுக்கலாமா?" என்றார்.

"கடைசியா எடுத்த பொட்டாசியம், பாஸ்பரஸ் ரிசல்டையும் அந்தத் தாளையும் எடுத்துட்டுப் போயி டயட்டீஷியனைக் கேளுங்க" என்றேன்.