ஏர்ஃப்ளோ சென்சாரை வேறு வகைக்கு மாற்றுவதற்கு முன்

ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இறைத்து ஓய்ந்த பிறகு, ராமநாதபுரத்தில் என் பட்டறைக்கு வரும் டீசல் வண்டிக்காரர்கள் பலரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "அண்ணே, பாம்பன் பாலத்துல ஏறும்போது இழுக்கவே மாட்டேங்குது. மைலேஜும் போச்சு." சிலர் குறையோடு மருந்தையும் கையில் கொண்டுவந்துவிடுகிறார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார், இணையத்தில் வரவழைத்தது ஒன்று, இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றி வாங்கியது. "கப்ளர் கரெக்டா மாட்டுதுண்ணே, போட்டு விட்டுருங்க" என்பார்கள். சென்சாரில் வந்து செருகும் வயர் முனைதான் கப்ளர். கம்பெனியில் வந்தது ஒரு வகை, இவர்கள் கையில் இருப்பது வேறு வகை. மாட்டினால் வண்டி ஓடும். செக் இன்ஜின் விளக்கும் பல நேரம் எரியாது. சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

செத்துப்போன சென்சாரால் அவ்வளவு கெடுதல் இல்லை. சிக்னல் அறுந்துவிட்டது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். விளக்கைப் போட்டுவிட்டு, தன்னிடம் உள்ள உத்தேசக் கணக்கை வைத்து வண்டியை வீடு வரை கொண்டு சேர்த்துவிடும். வகை மாறிய சென்சாரோ நம்பும்படியான எண்களையே அனுப்பும். அவை தவறான எண்கள் என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்கு வழி குறைவு. மாதக்கணக்கில் அந்தப் பொய்க் கணக்கிலேயே இன்ஜின் ஓடும்.

இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏர் ஃபில்டரைத் தாண்டிய குழாயில் மெல்லிய கம்பியோ பிலிமோ இருக்கும். மின்சாரம் பாய்ச்சி அதை உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு சூடாகவே வைத்திருப்பார்கள். காற்று அதைக் குளிர்விக்கும். எவ்வளவு கூடுதல் மின்சாரம் கொடுத்தால் சூடு குறையாமல் நிற்கிறது என்பதை வைத்துக் காற்றின் எடை கணக்காகிறது. இதுதான் மாஃப் சென்சார். 1970, 80களில் வந்த பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கம்பிக்குப் பதில் கதவு மாதிரி ஒரு தகடு இருக்கும். காற்று தள்ளத் தள்ள அது திறக்கும். பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் அந்த வகை. அது காற்றின் கன அளவைத்தான் சொல்லும். எடையைக் கணக்கிட வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது வகையான மேப் சென்சார் காற்றோட்டத்தை அளப்பதே இல்லை. இன்ஜினுக்குள் காற்று போகும் கடைசிக் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும். அதோடு வெப்பநிலை, இன்ஜின் வேகம் இரண்டையும் சேர்த்துக் கம்ப்யூட்டர்தான் காற்றைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் மேப் வகை. உப்புக்காற்றில் அவை குறைவாகத் தொல்லை தருவதற்கு அதுவும் ஒரு காரணம்: காற்றுப் பாதையின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சூடான கம்பி அவற்றில் இல்லை.

ஒரே மாஃப் வகைக்குள்ளும் வித்தியாசம் உண்டு. சிலது 0 முதல் 5 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும் சிக்னல் தரும். சிலது துடிப்பலையாக அனுப்பும். காற்று கூடக் கூடத் துடிப்பின் வேகம் மாறும். ஒன்றை எதிர்பார்க்கும் கம்ப்யூட்டருக்கு மற்றதைக் கொடுத்தால் உடனே விளக்கு எரியும், ஆளும் தப்பித்தார். இரண்டுமே வோல்ட் வகையாக இருந்து, கப்ளரும் ஒன்றாக இருந்து, எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு காற்று என்ற அளவீட்டுக் கோடு மட்டும் வேறாக இருப்பதுதான் மோசம்.

இதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். சென்சார் தன் முன்னால் ஓடும் காற்றைத்தான் உணரும், குழாய் முழுவதையும் அல்ல. குழாயின் உள்விட்டத்தை வைத்துத்தான் மொத்தக் காற்றும் கணக்காகிறது. கம்பெனிக் குழாய் 60 மில்லிமீட்டர் என்று வையுங்கள். "பிக்கப் கூடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 70 மில்லிமீட்டர் குழாயோடு வரும் வேறு வண்டியின் சென்சாரைப் போடுகிறார் ஒருவர். பரப்பளவு 1.36 மடங்காகிவிட்டது. அதே காற்று இப்போது மெதுவாகப் போகும். சிக்னலைக் காற்றின் எடையாக மாற்றக் கம்ப்யூட்டர் பழைய அட்டவணையையே பார்ப்பதால், உண்மையில் வரும் காற்றில் ஏறத்தாழ 73 சதவீதம்தான் வருகிறது என்று நினைக்கும். தராசுத் தட்டை மாற்றிவிட்டுப் பழைய படிக்கல்லிலேயே மீன் நிறுப்பது மாதிரிதான்.

பெட்ரோல் வண்டியில் இதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும். காற்று குறைவு என்று நம்பி பெட்ரோலைக் குறைவாக விடும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதம் தப்பும். சாதாரண ஓட்டத்தில் சைலன்சர் பக்கம் உள்ள ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்துத் திருத்தும், ஆனால் அந்தத் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. பல வண்டிகளில் 25 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தப் பெட்ரோலுக்காகக் கணக்குப் போட்ட பழைய வண்டிக்கு இதில் ஏழெட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. இருக்கிற இடைவெளியில் ஒரு பகுதியை எத்தனாலே தின்றுவிட்டது, மிச்சத்தைத் தவறான சென்சார் தின்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தும்போது பல வண்டிகளில் ஆக்சிஜன் சென்சாரின் உடனடித் திருத்தமும் இல்லை.

இன்னொரு பக்கம் ஸ்பார்க் நேரம். இதை யாரும் யோசிப்பதில்லை. காற்று குறைவு என்றால் இன்ஜினில் சுமை குறைவு என்று அர்த்தம், அதனால் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்கும். எரிபொருள் குறைவு, ஸ்பார்க் முந்துகிறது, வெளியே சித்திரை வெயில். நாக்கிங் வரும், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் நேரம் தப்பி வெடிக்கும். தொடர்ந்தால் வால்வும் பிஸ்டனும் அடிபடும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜினைப் பிரிக்கிற செலவில் நிற்பார்கள்.

டீசலில் கதை வேறு. டீசல் இன்ஜின் காற்றுக்கேற்ப எரிபொருள் விடுவதில்லை; மாஃப் சென்சார் அங்கே முக்கியமாக புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வை எவ்வளவு திறப்பது என்பதற்கும், கரும்புகை வராமல் டீசலுக்கு உச்ச வரம்பு வைப்பதற்கும்தான். சென்சார் குறைத்துச் சொன்னால் அந்த வரம்பு இறங்கும், பாலத்தில் வண்டி இழுக்காது. கூட்டிச் சொன்னால் ஈ.ஜி.ஆர். தேவைக்கு மேல் திறக்கும், மேனிஃபோல்டில் கரி அப்பும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டி என்றால், கரித்தூளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதன் விலையைக் கேட்டால் சென்சார் விலை மறந்துபோகும்.

1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினை மாருதி, டாடா, ஃபியட் மூன்றிலும் பார்த்திருப்பீர்கள். "இன்ஜின் ஒண்ணுதானே, அந்த வண்டி சென்சார் இதுக்கு ஆகாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. இன்ஜின் ஒன்றாக இருக்கலாம். காற்றுக்குழாயும் ஃபில்டர் பெட்டியும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அட்டவணையும் ஒன்று என்று அதற்கு அர்த்தமில்லை. சென்சார் மேல் அச்சிட்டிருக்கும் பாக எண் ஒத்துப்போக வேண்டும், வேறு வழியில்லை. அந்த இன்ஜினில் ஒரு சிலிண்டர் 312 சி.சி. நம் ஊர் வெயிலில் ஒரு சி.சி. காற்று கிட்டத்தட்ட 1.15 மில்லிகிராம். இரண்டையும் பெருக்கினால் 359. ஈ.ஜி.ஆர். மூடிய நிலையில், டர்போ அழுத்தம் ஏறாதபோது, ஒரு சிலிண்டர் ஒரு தடவை இழுக்கும் காற்று 350 மில்லிகிராமை ஒட்டி, இன்ஜின் கம்ப்யூட்டரின் எண்களைக் காட்டும் ஸ்கேனரில் வந்தால் சென்சார் சொல்வதை நம்பலாம். 250 என்றோ 450 என்றோ வந்தால் விசாரிக்க வேண்டும். இந்தப் பெருக்கலைச் செய்யாமல் சென்சாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் நின்று பேசுங்கள்.

சரி, பழைய சென்சார் உண்மையிலேயே கெட்டுவிட்டதா? இந்தக் கடற்கரையில் நான் பார்க்கிற வண்டிகளில் பெரும்பாலும் சென்சார் குற்றவாளி அல்ல. முதல் சந்தேகம் கப்ளர் மேல். மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் இரவெல்லாம் வெளியில் நிற்கும் வண்டிகளில் கப்ளர் பின்னில் பச்சை பூத்திருக்கும். எர்த் வயரில் 0.2 வோல்ட் தேங்கினாலே சிக்னல் அவ்வளவுக்கு ஏறிவிடும். பாஷ் நிறுவனத்தின் வோல்ட் வகைச் சென்சார்கள் பலவற்றில், சாவி போட்டு இன்ஜினை ஓடவிடாமல் பார்த்தால் ஏறக்குறைய 1 வோல்ட் இருக்கும். 1.2 காட்டினால், புதுச் சென்சார் வாங்கும் முன் எர்த்தை அளந்து பாருங்கள். அளக்கிறேன் என்று வயரின் தோலில் ஊசி குத்தும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். மதுரையில் அந்த ஓட்டை பல வருஷம் தாங்கலாம். இங்கே அதன் வழியாக உப்பு ஈரம் ஏறிச் செம்பைத் தின்றுவிடும்.

அடுத்தது சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ். கிளிப் தளர்ந்தாலோ அடிப்பக்கம் வெடித்தாலோ அளக்காத காற்று உள்ளே போகும், டர்போ வண்டியில் அளந்த காற்று வெளியே கசியும். இரண்டையும் சென்சார் கோளாறு என்றே நினைப்பார்கள். அப்புறம் ஏர் ஃபில்டர். அரிச்சல்முனை வரை 2017இல் சாலை வந்த பிறகு எல்லோரும் காரிலேயே போய்வருகிறார்கள், நல்லதுதான். சாலை மேலேயே மணல் ஓடும் நாட்களில் போய்வந்தால் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடியில் மணல் படிந்திருக்கும். சீமைக்கருவேல மரக்கரி ஏற்றும் வண்டிகளுக்குக் கரித்தூள் வேறு. இந்த ஊர் வண்டிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை ஃபில்டரை விட்டுவைப்பது சரிப்படாது. எண்ணெய் தடவிய பந்தய ஃபில்டரும் வேண்டாம். அந்த எண்ணெய் பிலிமில் ஒட்டி, அதன் மேல் உப்பும் தூசும் பிடித்துக்கொள்ளும்.

பிலிம் அழுக்காகிவிட்டால், மாஃப் சென்சாருக்கென்றே விற்கும் கிளீனர் ஸ்பிரேயை அடித்து, தானாகக் காயவிட்டு மாட்டுங்கள். கார்புரேட்டர் கிளீனர் கூடாது. பட்ஸ் வைத்துத் துடைப்பதும் கம்ப்ரசர் காற்று அடிப்பதும் அதை அப்போதே கொன்றுவிடும். இத்தனையும் பார்த்த பிறகும் அளவு தப்பாகவே வந்தால் சென்சார் போய்விட்டது. அதே பாக எண்ணில் புதியது வாங்குங்கள். இணையத்தில் 'பவர் சிப்' என்று விற்கிறார்களே, அதில் ஒரு வகைக்குள்ளே ஒற்றை ரெசிஸ்டர்தான் இருக்கும். காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரை ஏமாற்றும் வேலை. ராமநாதபுரத்து மே மாதத்தில் யாரை ஏமாற்றுகிறோம் என்று தெரியவில்லை.

வகை மாற்றமே தவறு என்று நான் சொல்லவில்லை. கீழக்கரைப் பக்கம் சில வீடுகளில் வளைகுடாவிலிருந்து அந்தக் காலத்தில் வந்த கார்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தகடு வகைச் சென்சார் உள்ள வண்டிக்குப் புதிது கிடைப்பது குதிரைக் கொம்பு. உள்ளே தேய்ந்துபோன தடத்தைச் சரிசெய்ய ஆளும் குறைவு. அங்கே மேப் சென்சாருக்கு மாறுவது நியாயம். ஆனால் சென்சாரை மட்டும் மாற்றி அது நடக்காது. அட்டவணையை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய தனிக் கம்ப்யூட்டர் வேண்டும், காற்று வெப்பநிலைச் சென்சார் வேண்டும், சைலன்சரில் கலவை விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மாட்டி, ஒவ்வொரு வேகத்திலும் சுமையிலும் கலவையைப் பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டும். நாள் கணக்கில் வேலை, செலவும் அதற்கேற்ப. "காக்கா, அரைநாள்ல முடிச்சுத் தர்றேன்" (அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்) என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேப் சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: இன்ஜின் ஓடாதபோது நம் கடல்மட்டத்தில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். அதே வண்டியைக் கொடைக்கானல் கொண்டுபோனால் 80க்குச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இங்கேயே 90 காட்டினால் சென்சாரோ எர்த்தோ பொய் சொல்கிறது.

டீசல் வண்டியில் மாஃப் சென்சாரை எடுத்துவிட்டு மேப் போட முடியுமா என்றும் கேட்கிறார்கள். டர்போ அழுத்தம் பார்க்க மேப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ஆனால் மேனிஃபோல்டில் இருப்பதில் எவ்வளவு புதுக்காற்று, எவ்வளவு திரும்பி வந்த புகை என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வேறு சென்சார் மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பதற வேண்டாம். கழற்றிய பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், சுத்தம் செய்து அதையே திருப்பி மாட்டிப் பாருங்கள். மாட்டியதும் ஸ்கேனரில் கம்ப்யூட்டர் இதுவரை கற்றுவைத்த திருத்தங்களை அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய பொய்க்குப் போட்ட திருத்தம் இப்போது உண்மைக்கு மேல் விழும். பெட்ரோல் என்றால் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும், வெளுத்திருந்தால் கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டர் அழுத்தமும், பார்த்துவிடுவது நல்லது. டீசல் என்றால் ஈ.ஜி.ஆர். வால்வையும் மேனிஃபோல்டையும் திறந்து கரி அளவைப் பாருங்கள். பிறகு உச்சிப்புளி தாண்டி, சாலை காலியாக இருக்கும் இடத்தில், பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கியரில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் போதும். அந்தப் பதிவைச் செல்போனில் சேமித்து வையுங்கள். அடுத்த ஆடிக்குப் பிறகு இழுவை குறைந்ததாகத் தோன்றினால் அதோடு ஒப்பிடலாம்.