பாம்பு கடித்தால் என்னிடம் வராதீர்கள்: ஒரு சித்த மருத்துவர் எழுதுவது

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். நஞ்சு நூல் எங்களுக்குத் தனிப் பாடம். பொதிகை மலையைப் பார்த்துக்கொண்டே படித்த பாடம், அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: பாம்புக்கடிக்கு என் மருந்தகத்தில் மருந்து கிடையாது. கேட்டு வருபவர்களை உட்காரக்கூட வைக்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். "சித்த டாக்டரே இப்படிச் சொன்னா எப்படி?" என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இது.

பிசான நடவு தொடங்கி, மழையும் பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் சிறியாநங்கை பேச்சு தொடங்கிவிடும். தினம் ஒரு இலை மென்றால் விஷம் ஏறாது, கடித்த பாம்புதான் சாகும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். வாட்சப்பில் வாழைமட்டையைப் பிழிந்த சாறு சுற்றுகிறது. தும்பைச் சாறு, அவுரி வேர், விஷக்கல், பார்வை பார்ப்பது எல்லாம் இன்னும் போகவில்லை. இதில் எனக்கு மிகவும் பயம் தருவது வேப்பிலைச் சோதனை. கடிபட்டவருக்கு வேப்பிலையோ மிளகோ கொடுத்து, கசந்தால், உறைத்தால் விஷம் ஏறவில்லை என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். கட்டுவிரியன் கடித்து இமை தொங்கிக் கிடப்பவருக்கும் வேப்பிலை நன்றாகவே கசக்கும். பயத்தில் வாய் உலர்ந்தவருக்குத் தண்ணீர்ப்பாம்பு கடித்தாலும் நாக்கில் ருசி தெரியாது. விஷம் ஏறியதா என்பதை நாக்கு சொல்லாது.

அப்படியானால் பச்சிலை கொடுத்துப் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? இந்தக் கேள்வி நியாயமானது, என் தாத்தா காலத்து ஆட்களே பத்துப் பேரைக் கைகாட்டுவார்கள். பதில் பாம்பிடம் இருக்கிறது. வயக்காட்டிலும் வீட்டைச் சுற்றியும் கடிக்கிறவற்றில் பல, சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறி மூக்கன் மாதிரி ஆளைக் கொல்லாதவை. (கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பார்கள். பாவம், அதற்கு ஆளைக் கொல்லும் விஷமே கிடையாது.) நல்ல பாம்பும் விரியனும்கூட ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. பல் பதியும், விஷம் இறங்காது. இப்படி வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பினாலும் பிழைப்பார்கள். பிழைத்தவர் எல்லாம் வைத்தியர் கணக்கில் வரவு. செத்தவர் மட்டும் "நேரங்கழிச்சிக் கொண்டாந்தீங்க" என்று குடும்பத்தின் கணக்கில் போய்விடுவார்.

நம் ஊரில் ஆளைக் கொல்லும் பாம்புகளில் முக்கியமானவை நான்கு. நல்ல பாம்பை எல்லாருக்கும் தெரியும். கண்ணாடி விரியன் வாழைத்தோட்டத்துச் சருகுக்குள்ளும் வரப்போரமும் கிடக்கும். சுருட்டை விரியன் ஒரு முழம்தான் இருக்கும், ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட மண்ணில் செதிலை உரசிச் சத்தம் போடும். நான்காவதான கட்டுவிரியனைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை விடியற்காலையில் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். தார்சாவில் பாய் விரித்துப் படுத்திருந்தவள், நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறாள். மாமியார் ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார். "ராத்திரி தின்ன தோசை சேரல போல, டாக்டர். நல்ல கசாயமா ஒண்ணு குடுங்க" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்க்கத் தலையை அண்ணாந்தாள். இமை மேலே போகவில்லை, அதனால்தான் தலை போனது. என் விரலை மேலே காட்டி, "தலையை ஆட்டாம இதைப் பாருங்கம்மா" என்றேன். கண்மணி பாதி மூடியே நின்றது. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். ஏழு, எட்டுக்கு மேல் குரல் தேய்ந்துவிட்டது. உடம்பில் கடித்த தடம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. "ராத்திரி என்னமும் கடிச்ச மாதிரி இருந்துதா?" என்றதற்கு, "எறும்போ என்னமோ, பூச்சி கடிச்சிட்டுன்னு தட்டிவிட்டேன்" என்றாள். அந்தச் சொற்களே மூக்கால் வந்தன. நூற்றெட்டை அழைத்து, பாம்புக்கடி, மூச்சுத் தசை தளர்கிறது என்று சொல்லி, பெரிய மருத்துவமனைக்கே நேராக அனுப்பினேன். சில நாள் வென்டிலேட்டரில் இருந்து வீடு திரும்பினாள்.

கட்டுவிரியன் கடி அப்படித்தான். இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. வயிற்றுவலி, தொண்டை வலி, இமை தொங்கல், விழுங்கச் சிரமம் என்று வந்து கடைசியில் மூச்சு நிற்கும். அதன் விஷம் நரம்பின் முனையையே கெடுத்துவிடுவதால், கெட்ட பிறகு விஷமுறிவு மருந்தாலும் அதை உடனே சரிசெய்ய முடியாது. அது தானாக ஆறும்வரை இயந்திரம்தான் மூச்சு விட வைக்க வேண்டும். எந்த இலைக்கு அந்த வேலை தெரியும்? அதுவும், விழுங்க முடியாத ஒருவர் வாயில் கசாயத்தையும் அரைத்த விழுதையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். பாம்பு விட்டதை நாம் முடித்துவைப்பதாகிவிடும்.

விரியன் வேறு விதம். வலி, வீக்கம், ஈறில் ரத்தம். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் பிடிக்கும். ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களையெல்லாம் விஷம் செலவழித்துவிடும், அப்புறம் ரத்தம் உறையாது. இதைக் கண்டுபிடிக்க மருத்துவமனையில் செய்வது எளிய சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீராக ஓடினால் உடனே மருந்து ஏறும். முதலில் உறைந்திருந்தாலும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அதனால்தான் "ஒண்ணும் இல்லன்னாங்க, ஆனாலும் ஒரு நாள் படுக்கச் சொல்றாங்க" என்று சலித்துக்கொண்டு எழுந்துவரக் கூடாது. கடிவாயில் பச்சிலை வைத்துக் கட்டி வீட்டில் கிடக்கும் விரியன் கடிக்காரர், மூன்றாம் நாள் சிறுநீர் போகவில்லை என்று வருவார். அப்போது டயாலிசிஸ் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். அரைத்து அப்பிய விழுதால் கடிவாய் சீழ் பிடித்திருப்பது தனி.

விஷமுறிவு மருந்து என்பது என்ன என்று பலருக்குத் தெரியாது. இந்த நான்கு பாம்புகளின் விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுப்பது. நாட்டில் இதற்கு வேண்டிய விஷத்தில் பெரும் பங்கு, 1978இல் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருவது. பாம்பைப் பற்றிப் பரம்பரையாகத் தெரிந்த மக்களின் கைவேலைதான் அந்தக் குப்பிக்குள் இருக்கிறது. 'இங்கிலீஷ் மருந்து' என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வழக்கமாக முதலில் 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. சிலருக்கு ஒவ்வாமை வரும், அதைச் சமாளிக்க ஊசி தயாராகப் பக்கத்தில் இருக்கும். அதற்காகவும்தான் மருத்துவமனை.

நன்னாரி வேர் பாம்பு விஷத்தை முறித்ததாக ஆராய்ச்சி இருக்கிறதே என்று என் மாணவர்களே கேட்பார்கள். இருக்கிறது, நானும் வாசித்திருக்கிறேன். அந்த மாதிரிச் சோதனைகளில் பெரும்பாலும் வேரின் சாரத்தையும் விஷத்தையும் குழாயில் முன்னாடியே கலந்துவிட்டுத்தான் எலிக்கு ஏற்றுவார்கள். தீக்குச்சியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு உரசிப் பார்ப்பது போல. ரத்தத்தில் கலந்து ஓடும் விஷத்தை, வயிற்றுக்குள் போன கசாயம் துரத்திப் பிடிக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. ஆய்வு நடக்கட்டும், நல்லதுதான். அதன் முடிவு வரும்வரை உங்கள் வீட்டுப் பிள்ளைமேல் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

சரி, கடித்துவிட்டால் என்ன செய்வது? கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவையுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, கைக்கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை ஒரு கம்போ அட்டையோ வைத்துத் துணியால் தளரக் கட்டி அசையாமல் வையுங்கள், முறிந்த எலும்புக்குக் கட்டுவோமே, அந்த மாதிரி. கயிறு போட்டு இறுக்கக் கட்டாதீர்கள், விரியன் கடியில் அந்தக் காலே அழுகிப்போகும். ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், மருத்துவமனையில் மருந்து ஏறத் தொடங்கியபின் அவர்கள் அவிழ்ப்பார்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சாராயம் கொடுப்பது கூடவே கூடாது. பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம். தேடப் போன இடத்தில் இரண்டாவது ஆளும் கடி வாங்கியதுண்டு. நான்குக்கும் ஒரே மருந்துதான், எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் உடம்பு காட்டும் குறியை வைத்து டாக்டர் பார்த்துக்கொள்வார். இமை எப்போது தொங்கியது, வாந்தி எப்போது வந்தது என்று நேரத்தை மட்டும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

மாஞ்சோலை, பாபநாசம் மலைப்பக்கம் இருக்கிற குழிவிரியனுக்கு இந்த மருந்து கேட்காது. அதனால் அதன் கடிக்குப் பச்சிலை போதும் என்று அர்த்தமில்லை. சிறுநீரகத்தையும் ரத்தத்தையும் கவனித்துப் பார்க்கிற இடத்துக்கு அதையும் கொண்டுபோக வேண்டும். செந்தேள் கொட்டி ஒரு குழந்தை வேர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டு, மூச்சு வாங்கினாலும் அதே ஓட்டம்தான். கடுகடுப்பு மட்டும் இருந்தால் பயமில்லை.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். வைத்தியர் வீட்டுத் திண்ணையோடு முடிந்துபோகும் கடி அந்தக் கணக்கிலும் வராது. எந்த ஊருக்கு எத்தனை குப்பி வேண்டும் என்று முடிவாவது அந்தக் கணக்கை வைத்துத்தானே.

பாம்பு வராமலிருக்க வாசலில் ஆகாசகருடன் கிழங்கு கட்டலாமா என்று கேட்கிறார்கள். கட்டுங்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு, வீட்டை ஒட்டிக் கிடக்கிற விறகுக் கட்டையும் ஓட்டுக் குவியலும் தள்ளிப் போகட்டும். வைக்கோல் படப்புக்குள் கையை விடுமுன் ஒரு கம்பால் தட்டுங்கள். நெல் மூட்டை இருக்கிற அறையில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். அங்கே பாய் விரிக்காதீர்கள். கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு படுங்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் டார்ச்சும் காலில் பூட்சும் வேண்டும்.

குணமாகி வந்தபின் உடம்பு தேற லேகியம் கேட்டு வாருங்கள், தருகிறேன். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவர வேண்டும். அதில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) மறுபடி பார்க்கச் சொல்லி எழுதியிருந்தால், பார்த்த ரிப்போர்ட்டும் சேர்ந்து வரட்டும். அது இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன்.