எஸ்எஸ்டியை அழிக்க முன்னம் ஒருக்கால் திறந்து பாருங்கோ

"அண்ணை, உள்ளுக்க ஒண்டும் இல்லை. முழுக்க அழிச்சுப்போட்டு விண்டோஸ் போட்டுத் தாங்கோ." 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிந்தபின், கிளிநொச்சியில் என் கடைக்கு வருகிற பலரும் சொல்வது இதுதான்.

புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஓர் அக்காவும் அப்படித்தான் சொன்னார். வழக்கம்போல அவரை அருகில் இருத்திக்கொண்டு லாப்டொப்பைத் திறந்தேன். டெஸ்க்டொப்பில் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று. உள்ளே காணி உறுதியின் ஸ்கேன், பக்கத்தில் ஓரத்தில் தண்ணீர்க் கறை படிந்த ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். "என்ர தம்பி. அவன்ர இந்த ஒரு படம்தான் இருக்கு" என்றார். இடம்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த ஊர்களில் இப்படி எத்தனை ஃபோல்டர்கள் இருக்கும்!

பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், அவசரப்பட்டு 'குயிக் ஃபோர்மட்' செய்தாலும் மேலே வேறொன்று எழுதப்படும்வரை தரவு அங்கேயே கிடக்கும், மீட்கலாம். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அப்படியல்ல. விண்டோஸ் 7 தொடக்கம் ட்ரிம் என்ற கட்டளை இருக்கிறது. ஃபோர்மட் செய்ததும் 'இந்த இடங்கள் இனித் தேவையில்லை' என்று டிரைவுக்குத் தகவல் போகும். டிரைவ் தானாகவே அவற்றைத் துடைத்துவிடும். பிறகு எந்த மீட்பு மென்பொருளைப் போட்டாலும் பெரும்பாலும் வெறுமைதான்.

அதனால் முதலில் வேறொரு டிரைவில் பிரதி எடுங்கள். எடுத்ததில் நாலைந்து கோப்புகளை இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள். டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் வேலை சுலபம். மேசைக் கணினியில் மற்ற டிரைவ்களின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழிக்கும் விபத்து அதோடு தீரும். இன்ஸ்டோல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டளைச் சாளரத்தில் 'டிஸ்க்பார்ட்' என்ற கருவியைத் திறந்து, அளவைப் பார்த்து டிஸ்க்கைத் தெரிந்து, அழிக்க 'கிளீன்', பிறகு டிஸ்க்கைப் புதிய பகுப்பு முறைக்கு மாற்ற 'கன்வேர்ட் ஜிபிடி'. 'கிளீன் ஓல்' வேண்டாம். அது டிரைவ் முழுக்கப் பூச்சியம் எழுதி, எஸ்எஸ்டியின் எழுதும் ஆயுளைக் கொஞ்சம் வீணாக்கும். டிரைவை விற்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் தரவை மீட்க முடியாதபடி அழிக்கும், தயாரிப்பாளரின் செக்கியூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அந்தப் படத்தை இரண்டு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒன்று அக்காவின் கைப்பையில், மற்றது மன்னாரில் இருக்கும் தங்கைக்கு. விண்டோஸ் போடக் கொண்டு வருகிறவர்கள் ஒரு வெற்றுப் பென் டிரைவும் கொண்டு வாருங்கள். அரைமணி நேரம் பக்கத்தில் இருந்து, எதெது வேண்டும் என்று நீங்களே காட்டுங்கள்.